டன்னை மட்டும் அச்சிடாதீர்கள். லிட்டரையும் யூனிட்டையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவனங்களும் மாநகராட்சிகளும் தங்கள் சுற்றுச்சூழல் பாதிப்பைப் பற்றி வெளியிடும் எண்கள் நாளிதழ்களில் இப்போது அடிக்கடி வருகின்றன. ‘கார்பன் உமிழ்வு 20 சதவீதம் குறைந்தது’, ‘தண்ணீரில் 80 சதவீதம் மறுபயன்பாடு’ என்ற ஒரு வரியோடு பெரும்பாலான செய்திகள் நின்றுவிடுகின்றன. இந்த எண்களைத் தொகுப்பதும் சரிபார்ப்பதும் எங்கள் தொழில். அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு உண்மையில் எதுவும் குறைந்ததா என்று எங்களாலேயே சொல்ல முடியாது. வாசகர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

உமிழ்வு டன்னை யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. எரித்த எரிபொருள், வாங்கிய மின்சாரம், நிரப்பிய குளிரூட்டி வாயு, கொட்டிய குப்பை ஆகியவற்றின் அளவை ‘உமிழ்வுக் காரணி’ என்ற எண்ணால் பெருக்கினால் கிடைப்பதுதான் அந்த டன். பெருக்கப்பட்ட இரண்டு எண்களையும் வெளியிட்டால் யார் வேண்டுமானாலும் கணக்கைச் சரிபார்க்கலாம். விடையை மட்டும் வெளியிட்டால் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. எனவே எங்கள் முதல் கோரிக்கை, டன்னோடு அதன் பின்னால் இருக்கும் லிட்டரையும் யூனிட்டையும் கிலோவையும் வெளியிட வேண்டும் என்பது.

டீசலை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36.2 மெகாஜூல் ஆற்றல் உண்டு. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டிப்படி ஒரு மெகாஜூலுக்கு 74.1 கிராம் கார்பன் டை ஆக்சைடு. பெருக்கினால் லிட்டருக்குச் சுமார் 2.68 கிலோ வரும். ஆக, டீசலால் 5,360 டன் என்று ஒரு தொழிற்சாலை சொன்னால் அது 20 லட்சம் லிட்டர் எரித்திருக்கிறது என்று பொருள். கொள்முதல் பதிவோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். பிழை நுழையும் இடங்களும் இங்கேயே தெரிந்துவிடும். வாங்கிய லிட்டரை எரித்த லிட்டராக எழுதி, ஆண்டுத் தொடக்க இருப்பைக் கூட்டாமலும் இறுதி இருப்பைக் கழிக்காமலும் விட்டிருப்பார்கள். ஒப்பந்ததாரர் வண்டிகளுக்கு ஊற்றியது ஒரு மாதம் சேர்ந்தும் மறுமாதம் சேராமலும் இருக்கும். இயற்கை எரிவாயுவாக இருந்தால், நீராவியோடு போகும் வெப்பத்தையும் சேர்த்த மொத்தக் கலோரி மதிப்பில் பில் வந்திருக்கும். அதைச் சேர்க்காத நிகரக் கலோரி மதிப்புக்கான காரணியால் பெருக்கியிருப்பார்கள். எரிவாயுவில் இந்த ஒரு கவனக்குறைவே ஏறத்தாழ 10 சதவீதம் பிழை தரும். நிலக்கரியிலும் எண்ணெயிலும் 5 சதவீதம்.

எரிபொருளை மட்டும் பார்ப்பதும் போதாது. சிமென்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. சுட்டுக் கிடைக்கும் ‘கிளிங்கர்’ என்ற கட்டிகளில் ஒரு டன்னுக்குச் சுமார் 0.52 டன். ஆலையின் நேரடி உமிழ்வில் பாதிக்கு மேல் இதுதான். சூளையை எந்த எரிபொருளுக்கு மாற்றினாலும் இந்தப் பகுதி மாறாது. ‘மாற்று எரிபொருளுக்கு மாறிவிட்டோம்’ என்ற அறிவிப்பைப் படிக்கும்போது கிளிங்கர் உற்பத்தி எத்தனை டன், சிமென்டில் கிளிங்கரின் பங்கு எத்தனை சதவீதம் என்ற இரண்டையும் தேட வேண்டும். பின்னது குறைந்திருந்தால்தான் ஒரு டன் சிமென்டுக்குக் கல்லிலிருந்து வருவது குறைந்திருக்கும்.

அலுவலகங்கள், மருத்துவமனைகள், குளிர்பதனக் கிடங்குகள் ஆகியவற்றின் அறிக்கையில் பெரும்பாலும் விடுபடுவது குளிரூட்டி வாயு. ஆர்-410ஏ வாயுவின் புவி வெப்பமாக்கும் திறன், ஐ.பி.சி.சி.யின் ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கைப்படி கார்பன் டை ஆக்சைடைப்போல் 1,924 மடங்கு. ஓராண்டில் கசிந்துபோனதற்கு ஈடாக 50 கிலோ நிரப்பினால் அது 96 டன்னுக்குச் சமம். அதாவது ஏறக்குறைய 36,000 லிட்டர் டீசல். இதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். பராமரிப்பு ஒப்பந்ததாரரின் ரசீதில் சிலிண்டர் எண்ணிக்கையும் நிரப்பிய எடையும் இருக்கும். ‘ஏ.சி. சர்வீஸ்’ என்று மொத்தத் தொகை மட்டும் எழுதி ரசீது வாங்கும் இடங்களில் இந்தத் தகவல் தொலைந்துபோகிறது. பழைய ஆர்-22 வாயுவின் கதை வேறு. அது ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வருவதால் வழக்கமான கூட்டுத்தொகையில் சேராது. தனியாகக் காட்ட வேண்டும். அந்தத் தனி வரியைப் பலர் எழுதுவதே இல்லை.

அடுத்தது, எது யாருடைய கணக்கு என்ற எல்லை. உலகம் முழுவதும் நிறுவனங்கள் பின்பற்றும் ஜி.எச்.ஜி. புரோட்டோகால் விதிமுறை 2001-ல் வந்தது, 2004-ல் திருத்தப்பட்டது. பங்குவீதப்படியோ, நிதிக் கட்டுப்பாட்டுப்படியோ, இயக்கக் கட்டுப்பாட்டுப்படியோ எல்லையை வகுத்துக்கொள்ள அது இடம் தருகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் வெளியிடும் ஒரு கூட்டு ஆலையில் ஒரு நிறுவனத்துக்கு 40 சதவீதப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். பங்குவீத முறையில் அதன் கணக்கில் 40,000 டன் விழும். இயக்கக் கட்டுப்பாட்டு முறையில், ஆலையை நடத்துவது கூட்டாளி என்றால் பூஜ்யம். தானே நடத்தினால் முழு ஒரு லட்சம். மூன்றும் விதிமுறைக்கு உட்பட்டவைதான். எந்த முறை என்று சொல்லாமல் இரண்டு நிறுவனங்களை ஒப்பிட்டு யார் தூய்மையானவர் என்று பட்டியல் போடுவதால் வாசகருக்குப் பயனில்லை.

ஆலையை விற்றுவிட்டால் உமிழ்வு குறைந்ததாகத் தெரியும். புகைபோக்கி இன்னொருவர் பெயரில் புகைந்துகொண்டிருக்கும். சொந்த லாரிகளை விற்றுவிட்டு வாடகை லாரிக்கு மாறினாலும் அப்படித்தான். டீசல் அதேதான், ஸ்கோப் 1 எனப்படும் நேரடி உமிழ்விலிருந்து ஸ்கோப் 3 எனப்படும், பொருள் விற்பவர், வாங்குபவர் என்ற தொடர் சங்கிலியில் பிறர் வழியாக வரும் உமிழ்வுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இதற்காகவே, ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொண்ட தொடக்க ஆண்டான அடிப்படை ஆண்டின் எண்ணையும் சேர்த்துத் திருத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. எத்தனை சதவீத மாற்றத்துக்கு மேல் திருத்துவது என்ற வரம்பை நிறுவனமே வகுத்துக்கொள்ளலாம். 5 சதவீதம் பரவலாக வைக்கப்படும் வரம்பு. அறிக்கையின் பின்பக்கங்களில் இந்த வரம்பு இல்லையென்றால், அடிப்படை ஆண்டு தொடங்கிக் காட்டப்படும் குறைவை அப்படியே ஏற்க வேண்டாம்.

ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு உமிழ்வு என்ற வீதத்தையும் மொத்த உமிழ்வையும் குழப்புவது செய்திகளில் மிக அதிகம். வீதம் 20 சதவீதம் குறைந்து உற்பத்தி இரண்டு மடங்கானால் மொத்தம் 60 சதவீதம் கூடியிருக்கும். விற்பனைத் தொகைக்கு இவ்வளவு டன் என்ற வீதம் இன்னும் மோசம். விலையை உயர்த்தினாலே அது குறைந்துவிடும். வீதத்தைத் தலைப்பில் போட்டால் மொத்தத்தை முதல் பத்தியிலாவது போடுங்கள்.

மின்சாரக் கணக்கில் வாசகர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஒரு கோடி யூனிட் வாங்குகிறது; அந்த மின்தொகுப்பில் யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இட அடிப்படையில் கணக்கிட்டால் 7,000 டன். அதே ஒரு கோடி யூனிட்டுக்கும் புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ் வாங்கிவிட்டால், சந்தை அடிப்படையில் பூஜ்யம். மறு ஆண்டு பயன்பாடு 1.2 கோடி யூனிட்டாகக் கூடினால் முதல் முறையில் 8,400 டன் ஆகிறது. கூடுதலுக்கும் சான்றிதழ் வாங்கிவிட்டால் இரண்டாம் முறையில் அப்போதும் பூஜ்யமே. வாங்கிய மின்சாரத்தின் உமிழ்வுக்கு ஸ்கோப் 2 என்று பெயர். 2015-ல் வந்த ஸ்கோப் 2 வழிகாட்டி, சந்தை முறையைப் பயன்படுத்துவோர் இரண்டு எண்களையும் காட்ட வேண்டும் என்கிறது. 2023 ஜூனில் வெளியான, காலநிலைத் தகவல் வெளியீட்டுக்கான ஐ.எஃப்.ஆர்.எஸ். எஸ்2 தரநிலை இட அடிப்படை எண்ணைக் கட்டாயமாக்கி, ஒப்பந்தம், சான்றிதழ் விவரங்களையும் கேட்கிறது. சான்றிதழ் வாங்குவது தவறில்லை. புதிய மின்நிலையம் எழ உதவும் நீண்டகால ஒப்பந்தமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பே ஓடத்தொடங்கிய அணை மின்சாரத்தின் சான்றிதழை மலிவாக வாங்குவதும் உண்டு. இரண்டும் பூஜ்யம் என்றே பதிவாகும். எந்த ஆண்டின் சான்றிதழ், எந்தச் சந்தையில் வாங்கியது, எந்த மின்நிலையத்தினுடையது என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

ஸ்கோப் 3-ல் 15 வகைகள் உண்டு. வாகனம் செய்பவருக்கு வண்டி ஓடும்போது எரியும் எரிபொருள் வருகிற 11-ஆம் வகை பெரியது. வங்கிக்குக் கடனும் முதலீடும் வருகிற 15-ஆம் வகை. வாகன நிறுவனம் பணியாளர் விமானப் பயணத்தை மட்டும் நுணுக்கமாகக் கணக்கிட்டு 11-ஆம் வகையை விட்டுவிட்டால் ‘ஸ்கோப் 3 வெளியிட்டோம்’ என்ற வாக்கியம் உண்மையாக இருக்கும், பயன் இருக்காது. கொள்முதல் வகையில் பலர் செலவுத் தொகையைக் காரணியால் பெருக்குகிறார்கள். தொடக்கத்துக்கு இது பரவாயில்லை. ஆனால் இரும்பு விலை ஏறினால் உமிழ்வும் ஏறும். கூடுதல் விலை கொடுத்துத் தூய்மையான இரும்பு வாங்கினால் தண்டனைபோல் இன்னும் ஏறும். பெரிய கொள்முதல் இனங்களுக்காவது டன் கணக்கில் எடையும், விற்பவர் தந்த காரணியும் வேண்டும். ஸ்கோப் 3-ல் எத்தனை சதவீதம் விற்பவரிடமிருந்து நேரடியாகப் பெற்ற தரவு என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கான பதிலே அறிக்கையின் தரத்தைச் சொல்லிவிடும்.

நகரங்களுக்கு வருவோம். இவற்றுக்கான பொது விதிமுறை 2014-ல் வந்த ஜி.பி.சி. உலக வள நிறுவனம், சி-40 நகரங்கள் கூட்டமைப்பு, உள்ளாட்சிகளின் கூட்டமைப்பான இக்லி ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கியது. நகரச் செய்தியில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, பேசப்படுவது மாநகராட்சி நிர்வாகத்தின் சொந்த உமிழ்வா, நகரம் முழுவதன் உமிழ்வா என்பதை. தெருவிளக்கு, மாநகராட்சிக் கட்டடம், குப்பை வண்டி ஆகியவை நகரம் முழுவதன் உமிழ்வில் மிகச் சிறு பங்கு. தெருவிளக்கை எல்.இ.டி.க்கு மாற்றியது நல்ல வேலை. அதனால் ‘நகரின் உமிழ்வு 40 சதவீதம் குறைந்தது’ என்று தலைப்பு வந்தால் அது வேறொரு கூற்று.

ஜி.பி.சி.யில் அடிப்படை மட்டம், விரிவான மட்டம் என இரண்டு உண்டு. கட்டடங்களும் தொழிற்சாலைகளும் பயன்படுத்தும் ஆற்றல், நகரத்துக்குள் ஓடும் போக்குவரத்து, நகரம் உண்டாக்கும் கழிவு ஆகியவை அடிப்படை மட்டத்தில் அடங்கும். தொழிற்சாலைச் செயல்முறை உமிழ்வு, நிலப் பயன்பாடு, எல்லை தாண்டும் பயணம், மின்கடத்தல் இழப்பு ஆகியவை விரிவான மட்டத்தில்தான் வரும். நகரத்துக்குள் இருக்கும் அனல்மின் நிலையம் மின்தொகுப்புக்கு அனுப்பும் மின்சாரத்தின் உமிழ்வு, நகர எல்லைக்குள் வெளியாவதை எல்லாம் கூட்டும் நிலப்பரப்புக் கூட்டுத்தொகையில் உண்டு. அடிப்படை மட்டத்துக் கூட்டுத்தொகையில் இல்லை, மின்சாரம் இரண்டு முறை எண்ணப்படக் கூடாது என்பதால். ஆகவே ஒரே நகரத்துக்கு இரண்டு சரியான எண்கள் இருக்கலாம். எந்த மட்டம் என்று எழுதாத எண்ணை இன்னொரு நகரத்தின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

ஜி.பி.சி. அட்டவணையின் கட்டங்களில் எண்ணுக்குப் பதிலாகச் சில இடங்களில் குறியீடு இருக்கும். ‘நிகழவில்லை’ என்பதற்கு ஒன்று, ‘மதிப்பிடவில்லை’ என்பதற்கு ஒன்று, ‘வேறு இடத்தில் சேர்க்கப்பட்டது’ என்பதற்கு ஒன்று. ‘மதிப்பிடவில்லை’ என்ற குறியீடு கூட்டுத்தொகையில் பூஜ்யமாகவே போய் விழுகிறது. கழிவுநீரில் இருந்து வரும் மீத்தேன் மதிப்பிடப்படவில்லை, தனியார் ஜெனரேட்டர்களின் டீசல் மதிப்பிடப்படவில்லை என்றால் நகரம் குறைவாக உமிழ்வதாகத் தோன்றும். மறு ஆண்டு நேர்மையாக மதிப்பிட்டால் உமிழ்வு திடீரென்று கூடும். முன்னேறியிருப்பது கணக்கு, அதற்காக நகரத்தைச் சாடும் செய்தி வந்தால் அடுத்த அதிகாரி அந்தக் கட்டத்தைத் திரும்பவும் காலியாக விட்டுவிடுவார். தயவுசெய்து இதில் கவனம் வேண்டும்.

குப்பைமேட்டுக் கணக்கில் ஒரே ஒரு தேர்வு விடையை இரு மடங்காக்கும். ஐ.பி.சி.சி. முறைப்படி ‘மீத்தேன் திருத்தக் காரணி’ என்று ஒன்று உண்டு. முறையாகப் பராமரிக்கப்படும் காற்றுப்புகா நிரப்பிடத்துக்கு 1.0. பராமரிப்பில்லாத, 5 மீட்டருக்கு மேல் ஆழமான மேட்டுக்கு 0.8, அதற்குக் குறைந்த ஆழம் என்றால் 0.4. பல ஆண்டுகளுக்கு முன் 3 மீட்டர் இருந்தபோது போட்ட 0.4, மேடு 15 மீட்டர் உயர்ந்த பிறகும் அப்படியே இருந்தால் புதிதாகக் கொட்டுவதன் மீத்தேன் பாதியாகவே பதிவாகும். மேட்டின் இன்றைய உயரத்தையும் கணக்கிலுள்ள காரணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொட்டுவதை நிறுத்தினாலும் மேடு பல்லாண்டுகள் மீத்தேன் விட்டுக்கொண்டிருக்கும். நிறுத்திய ஆண்டிலேயே பூஜ்யம் காட்டும் கணக்கு, கொட்டிய ஆண்டிலேயே முழு வாயுவையும் எழுதிவிடும் முறையில் செய்யப்பட்டது. மீத்தேனின் வெப்பமாக்கும் திறன் நான்காம் மதிப்பீட்டு அறிக்கையில் 25, ஐந்தாவதில் 28. இடையில் மாற்றினால் ஒரு கூடை குப்பைகூடக் கூடாமல் 12 சதவீதம் உயரும். பழைய ஆண்டுகளையும் புதிய எண்ணால் திருப்பிக் கணக்கிட்டார்களா என்பதே கேள்வி.

நகரத்துக்கு வெளியே தயாராகி உள்ளே நுகரப்படும் பொருள்களின் உமிழ்வு இந்தக் கணக்குகளில் வருவதில்லை. 79 நகரங்களைப் பற்றிச் சி-40 கூட்டமைப்பு 2018-ல் வெளியிட்ட ஆய்வில், நுகர்வு அடிப்படையிலான உமிழ்வு வழக்கமான கணக்கைவிட மொத்தத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் அதிகமாக இருந்தது.

கார்பனைத் தவிர்த்த தரவுகள் பற்றியும் கொஞ்சம். தண்ணீரில் எடுத்தது, திரும்ப விட்டது, திரும்பாமல் போனது மூன்றும் தனித்தனியாக வேண்டும். ஒரே 100 கிலோலிட்டர் குளிர்விப்புச் சுற்றில் பத்து முறை ஓடினால் அதை 1,000 கிலோலிட்டர் பயன்பாடு, அதில் 900 மறுபயன்பாடு என்று எழுதி 90 சதவீதம் காட்டிவிடலாம். ஆற்றிலிருந்தோ நிலத்தடியிலிருந்தோ எடுப்பது ஒரு சொட்டும் குறைந்திருக்காது. தண்ணீர் எந்த நீர்ப்படுகையில் எடுக்கப்பட்டது என்று தெரியாமல் மொத்த எண்ணுக்கு மதிப்பில்லை. கழிவுநீரில் செறிவு மட்டும் கொடுத்தால் நாளொன்றுக்கு எத்தனை லட்சம் லிட்டர் என்றும் கேட்க வேண்டும். லிட்டருக்கு 250 மில்லிகிராம் மாசு, நாளுக்கு 20 லட்சம் லிட்டர் என்றால் 500 கிலோ. இன்னும் 20 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கலந்தால் செறிவு 125 ஆகும். ஆற்றில் விழுவது அதே 500 கிலோ. புகைபோக்கியிலும் இதேதான். அங்கே கலப்பது காற்று. 15 சதவீத ஆக்சிஜனில் 100 என்று கருவி காட்டுவது, 6 சதவீத ஆக்சிஜனுக்குத் திருத்தினால் 250 ஆகிவிடும். திருத்திய எண்ணா, கருவி எத்தனை சதவீத நேரம் இயங்கியது, உலையை ஏற்றி இறக்கும் நேரங்கள் சேர்ந்தனவா என்பவை இல்லாத வரைபடத்தை நம்ப முடியாது.

இவை அனைத்தும் ஆலைவாரியாக வெளிவர வேண்டும். பத்து ஆலைகளின் சராசரிக்குள் மிக மோசமான ஆலை மறைந்துகொள்ளும். அதன் மதிலோரம் வசிப்பவருக்குச் சராசரியால் என்ன பயன்? 1984 போபால் பேரழிவுக்குப் பின், 1986-ல் அமெரிக்கா இயற்றிய சட்டம் அதன் வரம்புக்குள் வரும் ஒவ்வொரு தொழிற்சாலையும் எந்த நச்சுப்பொருளை எவ்வளவு காற்றில், நீரில், நிலத்தில் விட்டது என்று ஆண்டுதோறும் சொல்ல வைத்தது. 1987-ஆம் ஆண்டுத் தரவிலிருந்து அந்தப் பதிவேடு தொடர்ந்து வருகிறது. ஐரோப்பாவில் 2003-ல் ஏற்கப்பட்ட கீவ் நெறிமுறை இதே வழியில் 2009-ல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஆலைவாரித் தரவு வணிக ரகசியம் என்ற வாதம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நடைமுறையில் பொய்த்துவிட்டது.

மதிப்பெண் பற்றி ஒரு விளக்கம். 2000-ல் தொடங்கிய சி.டி.பி. அமைப்பின் வழியாக இன்று 20,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தகவல் தருகின்றன, நகரங்களும் தருகின்றன. அதில் ‘ஏ’ வாங்குவது வெளிப்படைத்தன்மைக்கும் நிர்வாகத்துக்குமான மதிப்பெண். உமிழ்வு குறைவு என்பதற்கான சான்று அதில் இல்லை. தணிக்கையிலும் இரண்டு நிலைகள் உண்டு. ‘தவறு என்று கருதும்படி எதுவும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை’ என்பது வரையறுக்கப்பட்ட உறுதி. ‘எல்லா முக்கிய அம்சங்களிலும் சரியாக உள்ளது’ என்பது நியாயமான உறுதி. அதற்கான சோதனை பல மடங்கு ஆழமானது. தணிக்கைக் கடிதத்தில் எந்தெந்த எண்கள் அடங்கின என்ற பட்டியலைப் படியுங்கள். தலைப்பில் வந்த எண் அதில் இல்லாமலே இருக்கக்கூடும்.

தங்கள் நாளிதழிடம் நாங்கள் கேட்பது இதுதான். இனி இத்தகைய அறிக்கையைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது எல்லை எது, அடிப்படை ஆண்டு எது, மொத்தமா வீதமா, மின்சாரத்தில் எந்த முறை, யார் எந்த அளவில் சரிபார்த்தார் என்று ஒரு சிறு கட்டத்தில் அச்சிடுங்கள். பதில் கிடைக்காத வரியில் ‘தெரிவிக்கப்படவில்லை’ என்று போடுங்கள். ஓரிரு முறை அப்படி வந்தால் மறு அறிக்கையில் பதில் இருக்கும். நிறுவனங்களும் மாநகராட்சிகளும் படமாக ஸ்கேன் செய்த பக்கங்களுக்குப் பதில், ஆலை, வார்டு வாரியாக எரிபொருள், மின்சாரம், குளிரூட்டி, தண்ணீர், கழிவு அளவுகளையும் பயன்படுத்திய காரணிகளையும் கணினியில் கூட்டிப் பார்க்கக்கூடிய விரிதாளாக இணையத்தில் ஏற்ற வேண்டும். முந்தைய ஆண்டு எண்கள் திருத்தப்பட்டிருந்தால் பழையதை அழிக்காமல், திருத்தியதைப் பக்கத்துப் பத்தியில் காரணத்தோடு காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
சுற்றுச்சூழல் தரவுத் தொகுப்பிலும் சரிபார்ப்பிலும் பணிபுரியும் வாசகர்கள்